மிகத் தாழ் அதிர்வெண் அலைகளைப் பிடிக்க ஒரு சுருள் ஆண்டெனா: குமரி மாவட்டத்திலிருந்து தொடங்குவோருக்கு

நாகர்கோவில் வானொலியின் பண்பலை ஒலிபரப்பு 101 மெகாஹெர்ட்ஸில் வருகிறது. அந்த அலையின் நீளம் ஏறத்தாழ 3 மீட்டர். ஆகையால் முக்கால் மீட்டர் கம்பி ஒன்றே அதற்குப் போதுமான ஆண்டெனாவாகிவிடுகிறது. திருநெல்வேலி வானொலியின் மத்திய அலை 1197 கிலோஹெர்ட்ஸ். அதன் நீளம் 250 மீட்டர். அதிர்வெண் குறையக் குறைய அலை நீண்டுகொண்டே போகும் என்பதை இந்த இரண்டு எண்களே காட்டிவிடும். இன்னும் கீழே இறங்கி 30 கிலோஹெர்ட்ஸுக்கும் 3 கிலோஹெர்ட்ஸுக்கும் இடைப்பட்ட பகுதிக்கு வந்தால், அங்கே ஓர் அலையின் நீளம் 10 கிலோமீட்டர் முதல் 100 கிலோமீட்டர் வரை இருக்கும். இந்தப் பகுதியே மிகத் தாழ் அதிர்வெண், சுருக்கமாக வி.எல்.எஃப்.

தொடங்குவோருக்கு இங்கே ஒரு குழப்பம் வருவது இயல்பு. மனிதக் காது கேட்கும் ஒலியும் ஏறத்தாழ 20 கிலோஹெர்ட்ஸ் வரைதான். அப்படியானால் இந்த அலைகள் ஏன் நம் காதில் விழுவதில்லை? ஒலி என்பது காற்றின் அதிர்வு. இங்கே பேசப்படுவதோ மின்காந்த அலை. எண்கள் ஒத்திருந்தாலும் பொருள் வேறு. ஆனால் இந்த ஒற்றுமையால் ஒரு பெரிய வசதி உண்டு. ஓர் ஆண்டெனா இந்த அலையைச் சிறு மின்னழுத்தமாக மாற்றிக் கொடுத்துவிட்டால், அதைக் கையாள வானொலிப் பெட்டியே வேண்டியதில்லை; கணினியின் ஒலி அட்டை, பாட்டைப் பதிவு செய்வது எப்படியோ அப்படியே இதையும் பதிவு செய்துவிடும். வானொலி அறிவியலைக் கையால் தொட்டுப் பார்க்க விரும்பும் மாணவருக்கு இதைவிடச் செலவு குறைந்த வாசல் இருப்பதாக எனக்குத் தோன்றவில்லை.

இந்த அலைகளை அனுப்புவது யார்? செயற்கையாக அனுப்புவோரில் முதலிடம் கடற்படைகளுக்கு. உப்பு நீர் மின்சாரத்தைக் கடத்துவதால் சாதாரண வானொலி அலைகள் கடல் மட்டத்தைத் தாண்டி உள்ளே இறங்குவதில்லை. 18 கிலோஹெர்ட்ஸ் அலையோ ஒவ்வொரு 1.9 மீட்டர் ஆழத்திற்கும் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்காகக் குறைந்துகொண்டே போனாலும், பத்து மீட்டருக்குக் கீழே இருக்கும் நீர்மூழ்கிக்கும் செய்தியைக் கொண்டு சேர்த்துவிடும். இதற்காக இந்தியக் கடற்படை அமைத்த நிலையம் நம் மாவட்டத்தின் எல்லைக்கு அப்பால், திருநெல்வேலி மாவட்டத்து விஜயநாராயணத்தில் இருக்கிறது. ஐ.என்.எஸ். கட்டபொம்மன் என்ற பெயரில் 1990-ஆம் ஆண்டு அக்டோபரில் செயல்பாட்டுக்கு வந்த அத்தளத்தின் வி.எல்.எஃப். ஒலிபரப்பு, வி.டி.எக்ஸ். என்ற அழைப்புக் குறியால் உலகெங்கும் உள்ள ஆய்வாளர்களுக்குத் தெரிந்தது. 18.2 கிலோஹெர்ட்ஸும் 17.0 கிலோஹெர்ட்ஸும் அதன் அறியப்பட்ட அதிர்வெண்கள். நாகர்கோவிலிலிருந்து நேர்கோட்டில் அளந்தால் அது 42 கிலோமீட்டர் தொலைவுதான்.

இன்னொன்று, இந்தியப் பெருங்கடலின் மறுகரையில், மேற்கு ஆஸ்திரேலியாவின் எக்ஸ்மவுத் அருகே இருக்கும் என்.டபிள்யு.சி. நிலையம். அதன் அதிர்வெண் 19.8 கிலோஹெர்ட்ஸ், ஆற்றல் 1 மெகாவாட். நம்மிடமிருந்து 5200 கிலோமீட்டர் தொலைவில் இருந்தும், இடையில் பெரும்பாலும் கடலே கிடப்பதால், அந்த அலை நல்ல வலிமையோடு இங்கே வந்து சேருகிறது.

இந்த நிலையங்கள் அனுப்பும் செய்திகள் மறைகுறியீட்டில் இருப்பவை. அவற்றைப் படிப்பது இக்கட்டுரையின் நோக்கமும் அல்ல, நம்மால் இயலக்கூடியதும் அல்ல. அலை எவ்வளவு வலிமையோடு வருகிறது என்பதை மட்டுமே நாம் அளக்கப்போகிறோம். வீட்டிலிருந்தே செய்யக்கூடிய இந்த வேலைக்காகக் கருவிகளைத் தூக்கிக்கொண்டு கடற்படைத் தளத்தின் பக்கம் போக வேண்டிய தேவையே இல்லை, போகவும் கூடாது.

இவ்வளவு தொலைவு இவ்வலைகள் எப்படி வருகின்றன என்பதைச் சற்று நின்று பார்க்க வேண்டும். தரைக்கு மேலே, பகலில் ஏறத்தாழ 70 கிலோமீட்டர் உயரத்திலும் இரவில் 85 முதல் 90 கிலோமீட்டர் உயரத்திலும், காற்றின் அணுக்கள் மின்னூட்டம் பெற்று நிற்கும் அயனி மண்டலத்தின் அடிப்பகுதி தொடங்குகிறது. கீழே கடல், மேலே இந்த மண்டலம். இரண்டும் இந்த அலைகளைத் திருப்பி அனுப்புகின்றன. திருவட்டாறு ஆதிகேசவப் பெருமாள் கோயிலின் நீண்ட கல் பிரகாரத்தில் ஒரு முனையில் பேசினால், தளத்திலும் கூரையிலும் மோதி மோதி அந்தக் குரல் மறுமுனைக்குப் போய்ச் சேருவதைப் போன்றதே இது. கூரை உயர்ந்தாலோ தாழ்ந்தாலோ மறுமுனையில் கேட்கும் ஒலி மாறும் அல்லவா? அதனால்தான் தொலைவிலுள்ள ஒரு நிலையத்தின் வலிமையை நாள் முழுவதும் அளந்துகொண்டிருந்தால், 70 கிலோமீட்டர் உயரத்தில் நிகழ்வதை நம் மொட்டை மாடிக்குக் கீழே உட்கார்ந்தபடியே அறிந்துகொள்ள முடிகிறது. பலூன்களுக்கு எட்டாத உயரம் அது. செயற்கைக்கோள்கள் நிலைத்துச் சுற்ற முடியாத தாழ்வும் அதுவே.

இயற்கையும் இந்த அலைவரிசையில் பேசுகிறது. ஒவ்வொரு மின்னலும் ஒரு வானொலி அலைத் தெறிப்பை எழுப்புகிறது. அதன் ஆற்றல் 5 முதல் 10 கிலோஹெர்ட்ஸ் வரையுள்ள பகுதியில்தான் மிகுதி. ஸ்ஃபெரிக்ஸ் எனப்படும் இந்தத் தெறிப்புகள் ஒலிபெருக்கியில் இடைவிடாத படபடப்பாகக் கேட்கும். மேற்குத் தொடர்ச்சி மலையின் மேல் கோடை மழையும் ஐப்பசி இடிமழையும் கூடும் காலங்களில், மின்னல் பேச்சிப்பாறைப் பக்கம் இருந்தாலும் சரி, சுமத்ராவுக்கு மேலே இருந்தாலும் சரி, இந்தப் படபடப்பு குறைவதில்லை.

இரவில் இதே தெறிப்புகளில் சில, நெடுந்தொலைவு பயணம் செய்து வரும்போது, மேலிருந்து கீழாகச் சட்டென இறங்கி ஒரு குறிப்பிட்ட அதிர்வெண்ணில் நின்றுவிடும் குறுகிய ஒலியாக மாறிவிடுகின்றன. ட்வீக் எனப்படும் இது எனக்கு இந்தத் துறையில் மிகவும் பிடித்த நிகழ்வு. ஏனெனில் பள்ளிக் கணக்கைக் கொண்டே இதிலிருந்து அயனி மண்டலத்தின் உயரத்தைக் கண்டுபிடித்துவிடலாம். தரைக்கும் மேல் மண்டலத்துக்கும் இடையே அரை அலையாவது அடங்கினால்தான் மேலும் கீழும் மோதி வரும் அலைக்கு வழி உண்டு. அதைவிட நீண்ட அலை அவ்வாறு வர முடியாது. ஒலி நின்றுபோகும் அதிர்வெண் 1.7 கிலோஹெர்ட்ஸ் என்று பதிவில் தெரிந்தால், ஒளியின் வேகமான நொடிக்கு 3,00,000 கிலோமீட்டரை 1700-இன் இருமடங்கால் வகுக்க வேண்டும். கிடைப்பது 88 கிலோமீட்டர்.

விசிலர் என்ற இன்னொரு ஒலியைப் பற்றிப் படித்துவிட்டு அதைத் தேடிப் புறப்படுவோர் பலர். மின்னலின் அலை பூமியின் காந்தப்புலக் கோட்டைப் பற்றிக்கொண்டு விண்வெளிக்குள் சென்று, எதிர் அரைக்கோளத்தில் இறங்கும்போது நீண்ட சீழ்க்கையாகக் கேட்பது அது. குளிர்நாடுகளில் எழுதப்பட்ட கையேடுகள் பெரும்பாலும் இதைப் பற்றியே பேசும். ஆனால் நாம் இருப்பது காந்த நடுக்கோட்டுக்கு மிக அருகில். இங்கே காந்தப்புலக் கோடுகள் தரைக்கு இணையாகப் படுத்துக்கிடக்கின்றன. அலை ஏறிச் செல்லத் தகுந்த வளைவு நம் தலைக்கு மேலே இல்லை. நமக்கு வடமேற்கே, திருவனந்தபுரத்தை ஒட்டிய தும்பா என்ற மீனவக் கிராமம் ஏவுதளமாகத் தேர்ந்தெடுக்கப்பட்டு 1963 நவம்பர் 21 அன்று அங்கிருந்து முதல் ராக்கெட் ஏவப்பட்டதற்கும் இந்தக் காந்த நடுக்கோடுதான் காரணம். ஆகவே குமரி மாவட்டத்தில் விசிலரை எதிர்பார்த்து இரவுகளைக் கழிப்பதில் பயனில்லை; ட்வீக்கையும் தொலைநிலையங்களையும் நாடுவதே நல்லது.

ஏன் சுருள்?

18.2 கிலோஹெர்ட்ஸ் அலையின் நீளம் ஏறத்தாழ 16.5 கிலோமீட்டர். நாகர்கோவிலிலிருந்து கன்னியாகுமரி போகும் வழியில் பெரும்பகுதியை ஓர் அலையே அடைத்துக்கொள்ளும். பண்பலைக்குச் செய்வதைப் போலக் கால் அலை நீளத்துக்குக் கம்பி நிறுத்த வேண்டுமானால் 4 கிலோமீட்டர் உயரம் வேண்டும். அது நடக்கிற காரியமல்ல. நல்ல வேளையாக, பெறுவதற்கு அவ்வளவு பெரிய ஆண்டெனா தேவையும் இல்லை. இந்தப் பகுதியில் உலகத்து மின்னல்கள் எழுப்பும் இரைச்சலே மிகுதி. ஆண்டெனா சிறிதானால் நிலையத்தின் அலையும் அந்த இரைச்சலும் ஒரே விகிதத்தில் குறையும். இரண்டுக்கும் இடையிலான வேறுபாடு அப்படியே இருக்கும். பெருக்கியின் சொந்த இரைச்சலுக்கு மேலே தலைதூக்கும் அளவுக்கு ஆண்டெனா கொடுத்தால் போதும்.

ஒரு மீட்டர் குச்சிக் கம்பியும் அதன் அடியில் மிக உயர்ந்த உள்மின்தடை கொண்ட பெருக்கியும் வைப்பது ஒரு வழி. அது மின்புலத்தை உணரும். திறந்த வெளியில், மின்கம்பிகளுக்கு எட்டத்தில், அது மிக நன்றாக வேலை செய்யும்; வீட்டுக்குள் கொண்டுவந்தால் சுவருக்குள் ஓடும் மின்கம்பிகளின் இரைச்சலையெல்லாம் அள்ளிக்கொண்டு வரும். மற்றொரு வழி, கம்பியைப் பல சுற்றுகளாகச் சுற்றிய சுருள். இது காந்தப்புலத்தை உணரும். சுருளில் தோன்றும் மின்னழுத்தம் நான்கைப் பொறுத்தது: சுற்றுகளின் எண்ணிக்கை, சுருள் அடைக்கும் பரப்பு, அலையின் அதிர்வெண், காந்தப்புலத்தின் வலிமை. ஒரு மீட்டர் பக்கம் கொண்ட சதுரத்தில் 50 சுற்றுகள் சுற்றினால், 18.2 கிலோஹெர்ட்ஸில் அது 19 மில்லிமீட்டர் உயரமுள்ள கம்பிக்குச் சமமாகும். இது கேலிக்குரிய அளவாகத் தோன்றலாம். மீட்டருக்கு 1 மில்லிவோல்ட் என்ற புலத்தில் இது 19 மைக்ரோவோல்ட் கொடுக்கும். அதுவே நமக்குப் போதும். வீட்டில் இருந்து கேட்பவர்களுக்கு நான் சுருளையே பரிந்துரைப்பேன். இரைச்சல் குறைவு என்பதைவிட முக்கியமான இன்னொரு காரணம், அதைத் திருப்பி வைத்து வேண்டாத நிலையத்தை மறைக்க முடியும் என்பது.

கட்டும் முறை

ஒன்றரை மீட்டர் நீளமுள்ள இரண்டு மர ரீப்பர்களைப் பெருக்கல் குறி வடிவில் நடுவில் திருகி இணைக்க வேண்டும். மையத்திலிருந்து நான்கு பக்கமும் 71 சென்டிமீட்டர் தள்ளிக் கம்பி உட்காரும் வெட்டுகளை அமைத்தால், சதுரத்தின் பக்கம் சரியாக ஒரு மீட்டர் வரும். கடற்கரை ஊர்களில் இருப்போர் மரத்துக்குப் பதிலாகப் பி.வி.சி. குழாயைப் பயன்படுத்துவது மேல். உப்புக் காற்றில் மரமும் திருகாணியும் நெடுநாள் தாங்குவதில்லை. ரப்பர் மரப் பலகை நம் மாவட்டத்தில் எளிதாகக் கிடைக்கும் என்றாலும், ஈரம் ஏறினால் அது வளையும். வார்னிஷ் அடிக்காமல் பயன்படுத்த வேண்டாம். எந்தப் பொருளாக இருந்தாலும் ஒன்றை மறக்கக் கூடாது: சட்டம் முழுவதும் இரும்பாகவோ அலுமினியமாகவோ மூடிய வளையமாக இருந்துவிட்டால், அதுவே ஒற்றைச் சுற்றுச் சுருளாகிக் குறுக்குச் சுற்று போல நின்று, நாம் பிடிக்க விரும்பும் அலையை விழுங்கிவிடும்.

கம்பிக்கு மோட்டார் வைண்டிங் கடைக்குப் போனால் போதும். அங்கே எனாமல் பூசிய செம்புக் கம்பியை எடைக்குத் தருவார்கள். 26 கேஜ் கம்பி, 200 மீட்டர் நீளத்துக்கு ஏறத்தாழ 300 கிராம் வரும். இதில் 50 சுற்றுகள் சுற்றி முடித்தால் மின்தடை 21 ஓம் அளவில் இருக்க வேண்டும்; மல்டிமீட்டரில் இதை அளந்து பார்ப்பது, இடையில் எங்கும் கம்பி அறுபடவில்லை என்பதற்கு நல்ல சான்று. சுற்றுகளை ஒன்றன்மேல் ஒன்றாக நெருக்கிக் குவிக்காமல் இரண்டு மூன்று சென்டிமீட்டர் அகலத்தில் பரவலாகச் சுற்ற வேண்டும். எண்ணிக்கையில் ஒன்றிரண்டு கூடினாலும் குறைந்தாலும் குடி முழுகிப்போகாது. எனாமலை உப்புத்தாளால் சுரண்டிவிட்டுத்தான் முனைகளில் ஈயம் வைக்க வேண்டும். அங்கிருந்து கணினிக்கு, மைக்குக்குப் பயன்படுத்தும் உறையிட்ட இரட்டைக் கம்பியைக் கொண்டுபோக வேண்டும். சாதாரண இரட்டைக் கம்பி தானே ஓர் ஆண்டெனாவாக மாறி இரைச்சலைச் சேர்க்கும்.

முதல் சோதனைக்குப் பெருக்கி வேண்டாம். இது நிலையத்துக்கு அருகில் இருக்கும் நம்மைப் போன்றோருக்குக் கிடைத்த சலுகை. விஜயநாராயணம் இவ்வளவு அருகில் இருப்பதால், அந்நிலையம் இயங்கும் நேரத்தில் சுருளை ஒலி அட்டையின் மைக் துளையில் நேரடியாகப் பொருத்தினாலே கணினித் திரையில் 18.2 அல்லது 17.0 கிலோஹெர்ட்ஸில் ஒரு கோடு எழுந்து நிற்பதைக் காணலாம். மைக் துளையில் மைக்குக்கான சிறு நேர்மின்னழுத்தம் வரும் என்பதால், இடையில் 1 மைக்ரோஃபாரட் கண்டென்சர் ஒன்றைத் தொடராக வைக்க வேண்டும். கணினியில் பதிவு வேகம் நொடிக்கு 48,000 மாதிரிகள் என்று இருக்கட்டும். அதில் பாதி, அதாவது 24 கிலோஹெர்ட்ஸ் வரைதான் அப்போது தெரியும், நமக்கு அது போதுமானது. ஆடாசிட்டி போன்ற இலவச மென்பொருளில் பதிந்து நிறமாலைப் படமாக, அதாவது எந்த அதிர்வெண்ணில் எவ்வளவு வலிமை என்று காட்டும் படமாக, பார்க்கலாம். நாள் முழுவதும் தொடர்ந்து வரைவதற்கு ஸ்பெக்ட்ரம் லேப் என்ற மென்பொருள் பொருத்தமானது. நிலையம் எந்நேரமும் இயங்கும் என்று எதிர்பார்க்கக் கூடாது. கோடு தெரியாவிட்டால் கம்பியைச் சந்தேகிப்பதற்கு முன் சில மணி நேரம் பொறுத்துப் பார்ப்பது நல்லது.

ஒத்திசைவு

இந்த அளவுச் சுருளின் தூண்டம் (இண்டக்டன்ஸ்) ஏறத்தாழ 8 மில்லிஹென்றி இருக்கும். அதன் இரு முனைகளுக்கும் குறுக்கே ஒரு கண்டென்சரை இணைத்தால், ஒரு குறிப்பிட்ட அதிர்வெண்ணில் மட்டும் சுருள் ஒத்திசைந்து, அங்கே மின்னழுத்தம் முப்பது மடங்கு வரை பெருகும். 18.2 கிலோஹெர்ட்ஸுக்கு 9.5 நானோஃபாரட் அளவும், 19.8 கிலோஹெர்ட்ஸுக்கு 8 நானோஃபாரட் அளவும் வேண்டும். சுருளின் சுற்றுகளுக்கிடையே இயல்பாகவே சிறிது மின்தேக்கம் இருப்பதால், நடைமுறையில் இதைவிடச் சற்றுக் குறைவாகவே தேவைப்படும். 6.8 நானோஃபாரட் ஒன்றை நிலையாக வைத்து, 330 பிகோஃபாரட், 470 பிகோஃபாரட் போன்ற சிறியவற்றை ஒவ்வொன்றாகச் சேர்த்துக்கொண்டு, நிறமாலையில் கோடு எப்போது மிக உயர்கிறது என்று பார்ப்பதே சரியான முறை. தட்டுப் போன்ற மலிவான பீங்கான் கண்டென்சர்கள் சூடேறினால் மதிப்பு மாறும். பாலிப்ரொப்பிலீன் அல்லது பாலியெஸ்டர் வகையே நல்லது.

ஒத்திசைந்த சுருளை மைக் துளையில் நேரடியாகச் செருகினால் பலன் ஏறக்குறைய ஒன்றுமில்லாமல் போய்விடும் என்பதைப் பல விளக்கங்கள் சொல்லாமல் விட்டுவிடுகின்றன. ஒத்திசைவு நிலையில் சுருளின் மின்னெதிர்ப்பு பல்லாயிரம் ஓம். மைக் துளையின் உள்தடையோ சில ஆயிரம் ஓம்தான். குறுக்கே இவ்வளவு குறைந்த தடை வந்தவுடன் முப்பது மடங்குப் பெருக்கம் இரண்டு மூன்று மடங்காக இறங்கிவிடும். ஆகவே இடையில் ஒரு பெருக்கி வேண்டும். டி.எல்.072 என்ற எளிய ஐ.சி. போதும். அதன் தலைகீழாக்காத (+ குறியிட்ட) உள்ளீட்டில் சுருளின் ஒரு முனையையும், பொதுப் புள்ளியில் மறுமுனையையும் இணைத்து, 1 கிலோஓம், 47 கிலோஓம் மின்தடைகளால் பெருக்கத்தை 48 மடங்காக அமைக்கலாம். இரண்டு 9 வோல்ட் மின்கலங்களில் அது ஓடும். அந்த ஐ.சி.யின் உள்ளீடு எடுத்துக்கொள்ளும் மின்னோட்டம் மிகமிகக் குறைவு. அதனால் சுருளின் ஒத்திசைவுக் கூர்மை கெடாது.

திருப்பி வைக்கும் கலை

இனி வருவதுதான் குமரி மாவட்டத்தில் இருந்து கேட்பவருக்கு மிகவும் தேவையான பகுதி. விஜயநாராயணத்து அலை நமக்கு வலிமையாக வருகிறது. ஆனால் அது 42 கிலோமீட்டர் தொலைவிலிருந்து தரையோடு தரையாக வரும் அலை. மேலே போய்த் திரும்பி வரும் பங்கு அதில் மிகக் குறைவு. ஆகையால் சூரியன் உதித்தாலும் மறைந்தாலும் அதன் வலிமையில் பெரிய மாற்றம் தெரியாது. கருவி வேலை செய்கிறதா என்று சோதிக்க அது உதவும். அயனி மண்டலத்தைப் படிக்க உதவாது. அதற்குத் தொலைவிலுள்ள ஆஸ்திரேலிய நிலையமே வேண்டும். அந்த மெல்லிய அலையைக் கேட்க முயலும்போது, பக்கத்து நிலையத்தின் வலிய அலை பெருக்கியையும் ஒலி அட்டையையும் நிரப்பிவிடும் ஆபத்து இருக்கிறது. கொல்கத்தாவில் இருப்பவருக்கு இந்தச் சிக்கல் கிடையாது, அவர்களுக்கு வி.டி.எக்ஸ். ஒரு தொலைநிலையம். 2009 ஜூலை 22 முழுச் சூரிய கிரகணத்தின்போது கொல்கத்தாவின் இந்திய விண்வெளி இயற்பியல் மையம் நாட்டின் பல இடங்களில் கருவிகளை வைத்து ஆய்ந்தது இந்த வி.டி.எக்ஸ். அலையைத்தான்.

செங்குத்தாக நிற்கும் சுருளின் விளிம்பு ஒரு நிலையத்தை நோக்கி இருந்தால் அந்த அலை முழு வலிமையோடு கிடைக்கும். சுருளின் முகம், அதாவது சதுரத்தின் அகன்ற பக்கம், அந்நிலையத்தை நோக்கித் திரும்பினால் அலை மறைந்துபோகும். முதல் நிலை மிகவும் தாராளமானது: இருபது பாகை விலகினாலும் இழப்பு நூற்றுக்கு ஆறுதான். இரண்டாவது நிலை மிகக் கூர்மையானது: இரண்டு மூன்று பாகை விலகினாலும் மறைந்த அலை மீண்டும் எழுந்துவிடும். எனவே வேண்டிய நிலையத்தை நோக்கித் திருப்புவதைவிட, வேண்டாத நிலையத்தை மறைக்கத் திருப்புவதே அறிவுடைமை.

நாகர்கோவிலிலிருந்து பார்த்தால் விஜயநாராயணம் வடக்கிலிருந்து கிழக்காக 58 பாகையில், அதாவது வடகிழக்கில், இருக்கிறது. ஆஸ்திரேலிய நிலையம் 130 பாகையில், தென்கிழக்கில். இரண்டுக்கும் இடையே 72 பாகை வேறுபாடு, ஏறத்தாழ செங்குத்து. சுருளின் முகத்தை விஜயநாராயணத்தை நோக்கி வைத்து அதை மறைத்துவிட்டால், ஆஸ்திரேலிய அலையில் 95 விழுக்காடு அப்படியே கிடைக்கும். கன்னியாகுமரி ஊரிலிருந்து இது இன்னும் பொருத்தமாக அமைகிறது: அங்கிருந்து விஜயநாராயணம் 33 பாகையில் வருவதால், இழப்பு நூற்றுக்கு ஒன்றுகூட இருக்காது. மேற்கே மார்த்தாண்டத்துக்குப் போனால் விஜயநாராயணம் 81 பாகையில், கிட்டத்தட்ட நேர் கிழக்கில் விழும். அங்கே அதை மறைக்கும்போது ஆஸ்திரேலிய அலையில் முக்கால் பங்கே எஞ்சும். ஆனால் நிலையமும் அங்கிருந்து 59 கிலோமீட்டர் தள்ளிப்போய்விடுவதால் மறைக்க வேண்டிய தேவையும் குறைகிறது. கைப்பேசியின் திசைகாட்டியே இதற்குப் போதும். இம்மாவட்டத்தில் காந்த வடக்குக்கும் உண்மையான வடக்குக்கும் உள்ள விலக்கம் ஓரிரு பாகைக்கு மேல் இல்லை. முதலில் திசைகாட்டியால் வைத்துவிட்டு, பிறகு 18.2 கிலோஹெர்ட்ஸ் கோடு மிகத் தாழும் வரை கையால் மெல்லத் திருப்பிச் சரிசெய்ய வேண்டும். அத்துடன் சுருளை 19.8 கிலோஹெர்ட்ஸுக்கு ஒத்திசைத்திருந்தால், 18.2 அலை அந்த வகையிலும் ஐந்தில் ஒரு பங்காகக் குறையும்.

கோடு எவ்வளவு திருப்பினாலும் மறையவில்லை என்றால் சுருளைச் சுற்றி இரும்பு இருக்கிறது என்று பொருள். கான்கிரீட் கூரைக்குள் ஓடும் கம்பிகளும் ஜன்னல் கம்பிகளும் அலையின் திசையைக் கோணலாக்கும். மரச் சட்டமும் ஓடும் வேய்ந்த நாஞ்சில் நாட்டுப் பழைய வீடு எவரிடமாவது இருந்தால், இந்த வேலைக்கு அதைவிடச் சிறந்த இடம் கிடைக்காது.

இரைச்சலைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். 50 ஹெர்ட்ஸ் மின்சாரத்தின் மடங்குகள் நிறமாலை முழுவதும் நெருக்கமான கோடுகளாகத் தெரியும். எல்.இ.டி. விளக்கு, மின்விசிறியின் மின்னணு ரெகுலேட்டர், வீட்டு இன்வெர்ட்டர், மடிக்கணினியின் சார்ஜர் ஆகியவை இன்னும் மோசமானவை. ஒவ்வொன்றாக நிறுத்திப் பார்த்து எது குற்றவாளி என்று கண்டுபிடிக்க வேண்டும். மடிக்கணினியைச் சார்ஜரிலிருந்து கழற்றிவிட்டு மின்கலத்தில் ஓட்டினாலே பாதித் தொல்லை தீரும். காற்றாலைகளும் உயர் அழுத்த மின்தடங்களும் நிறைந்த ஆரல்வாய்மொழி, முப்பந்தல் பக்கத்தில் தொல்லை கூடுதலாக இருக்கலாம். ட்வீக் கேட்க விரும்புவோர் கண்டென்சரைக் கழற்றிவிட்டு, மின்கம்பம் கண்ணுக்கு எட்டாத தோப்புக்கோ கடற்கரைக்கோ இரவில் போக வேண்டும்; 1.7 கிலோஹெர்ட்ஸில் சுருள் கொடுக்கும் மின்னழுத்தம் பத்தில் ஒரு பங்குதான், வீட்டு இரைச்சலோ அங்கேதான் உச்சம்.

இடி இடிக்கும்போது மாடியிலோ திறந்த வெளியிலோ இருக்கும் சுருளின் கம்பியைக் கணினியிலிருந்து கழற்றிவிட வேண்டும். தொலைவிலுள்ள மின்னலைக் கேட்பதற்குத்தான் இந்தக் கருவி. தலைக்கு மேல் மின்னும்போது அதன் அருகில் நிற்பது ஆபத்து.

19.8 கிலோஹெர்ட்ஸின் வலிமையைச் சில நொடிகளுக்கு ஒருமுறை பதிந்து, ஒரு நாளைக்கு ஒரு வரைபடமாக எடுத்துப் பாருங்கள். பகலில் கோடு அமைதியாகவும் இரவில் ஏற்ற இறக்கத்தோடும் ஓடும். சூரியன் எக்ஸ்மவுத்தில் நமக்கு ஏறத்தாழ இரண்டரை மணி நேரம் முன்பே உதித்துவிடுகிறது. பகலின் எல்லை கடலைக் கடந்து நம்மை வந்து அடையும் அந்த இடைவெளியில், பாதையின் ஒரு பகுதிக்கு மேல்கூரை 70 கிலோமீட்டரிலும் மறு பகுதிக்கு 85 கிலோமீட்டருக்கு மேலேயும் இருக்கும். வெவ்வேறு வழியாக வந்த அலைகள் ஒன்றையொன்று அழித்துக்கொள்வதால், வரைபடத்தில் ஆழமான பள்ளங்கள் விழும். அந்தப் பள்ளங்கள் தோன்றும் நேரம் பருவத்துக்குப் பருவம் நகரும். 2010 ஜனவரி 15 அன்று கன்னியாகுமரியின் மேல் கடந்த வளையச் சூரிய கிரகணம் போன்ற நிகழ்வுகளில், நட்டநடுப் பகலிலேயே கூரை சிறிது உயர்ந்து, வலிமை மாறி, மீண்டும் பழைய நிலைக்கு வரும்.

சூரியனில் வெடிப்பு நிகழ்ந்தால் அதன் எக்ஸ் கதிர்கள் எட்டு நிமிடங்களில் இங்கே வந்து சேர்ந்து, அயனி மண்டலத்தின் அடிப்பகுதியைத் திடீரென அடர்த்தியாக்கும். வரைபடத்தில் அது சில நிமிடங்களில் செங்குத்தாக எழுந்து அல்லது விழுந்து, பிறகு அரை மணி நேரமோ அதற்கு மேலோ எடுத்து மெதுவாகத் திரும்பும் வடிவமாகத் தெரியும். பாதை பகலில் இருக்கும்போது மட்டுமே இது தெரியும். நீங்கள் கண்டது வெடிப்புதானா, அல்லது பக்கத்து வீட்டார் இன்வெர்ட்டரைப் போட்டதா என்று உறுதி செய்ய, அமெரிக்காவின் கோஸ் செயற்கைக்கோள்கள் அளக்கும் எக்ஸ் கதிர் வரைபடத்தோடு ஒப்பிடலாம். அந்நாட்டின் கடல், வளிமண்டல ஆய்வு அமைப்பான நோவா அதை இணையத்தில் உடனுக்குடன் இலவசமாக வெளியிடுகிறது. அதில் உள்ள நேரம் உலகப் பொது நேரம் என்பதால், நம் நேரத்திலிருந்து ஐந்தரை மணி நேரத்தைக் கழித்துவிட்டு ஒப்பிட வேண்டும்.